சத்தமில்லாத தெரு: ஆங்கிலேயப் புறநகர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள

இங்கிலாந்தில் குடியேறிய பிள்ளைகளுடன் ஆறு மாதம் தங்கிவிட்டு டில்லி திரும்பும் பெற்றோர் நம் சங்க அன்பர்களிடையே கணிசமானவர்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள்தான் பதிலாக வரும். முதலாவது, "ஊர் சொர்க்கம் சார், தூசி தும்பு கிடையாது." இரண்டாவது சற்றுத் தணிந்த குரலில் வரும்: "ஆனா தெருவுல ஈ காக்கா இல்லே. பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது."

இதைக் கேட்ட சிலர், ஆங்கிலேயர் இயல்பாகவே ஒட்டாத மனிதர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், நம் பிள்ளைகள்தான் மாறிவிட்டார்கள் என்று வருந்துகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். அந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. அது திட்டமிட்டுக் கட்டப்பட்டது, சட்டத்தால் காக்கப்படுவது, பழக்கத்தால் நிலைத்திருப்பது. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டால், அங்கே போய்த் தங்கும் நம் பெரியவர்களின் தனிமைக்கும் காரணம் புரியும், ஓரளவு பரிகாரமும் தெரியும். லண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகைவண்டி பெற்றெடுத்த ஊர்கள்

உலகின் முதல் சுரங்க ரயிலை 1863இல் லண்டனில் ஓட்டிய மெட்ரோபாலிடன் ரயில்வே நிறுவனம், தன் பாதையை மெல்ல மெல்ல நகருக்கு வெளியே நீட்டிக்கொண்டே போனது. 1880இல் அது ஹாரோவை எட்டியது. அப்போது சுற்றிலும் இருந்தவை பெரும்பாலும் புல்வெளிகளும் பண்ணைகளும்தான். வயலுக்கு நடுவே ரயில் ஓடினால் டிக்கெட் வாங்க ஆள் வேண்டாமா? அதற்கும் அந்த நிறுவனமே வழி கண்டுபிடித்தது. பாதை போட வாங்கிய நிலத்தில் மிஞ்சியதைத் தானே வைத்துக்கொள்ளும் சலுகை அதற்கு இருந்தது. அந்த நிலத்தில் வீடுகள் கட்டி விற்றால், வாங்கியவர் வாழ்நாள் முழுக்க அதே ரயிலில்தானே வேலைக்குப் போயாக வேண்டும்! 1919இல் இதற்கென்றே தனியாக ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது.

விளம்பரத்துக்காக 1915ஆம் ஆண்டு அவர்கள் படைத்த சொல்தான் 'மெட்ரோலேண்ட்'. அந்தப் பெயரில் 1932 வரை ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிட்டார்கள். அது விற்ற கனவு மிக எளிமையானது: பகலில் நகரத்தில் சம்பாதியுங்கள், மாலையில் கிராமத்துக்குத் திரும்புங்கள். புகையும் நெரிசலும் நிறைந்த லண்டனில் வாடகை வீட்டில் குடியிருந்த குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அது பெரிய ஆசைதான். 1932இல் வங்கி வட்டி விகிதம் 2 சதவிகிதமாகக் குறைந்து 1939 வரை ஏறாமலேயே இருந்ததால், அந்த ஆசைக்குக் கடனும் சுலபமாகக் கிடைத்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறத்தாழ 40 லட்சம் வீடுகள் எழுந்தன. இன்று நம் பிள்ளைகள் 'தேர்ட்டீஸ் செமி' என்று சொல்லி வாங்கும் வீடுகள் அந்தக் காலத்தவைதான்.

இதற்குப் பின்னால் ஒரு தத்துவமும் இருந்தது. எபனேசர் ஹோவர்ட் என்பவர் 1898இல் வெளியிட்ட நூலில், நகரத்தின் வசதியும் கிராமத்தின் காற்றும் ஒருங்கே கிடைக்கும் 'பூங்கா நகரம்' என்ற கருத்தை முன்வைத்தார். 1903இல் லெட்ச்வர்த், 1920இல் வெல்வின் என்று அத்தகைய நகரங்கள் உருவாகின. லண்டனின் வடக்கே ஹென்ரியட்டா பார்னெட் அம்மையாரின் முயற்சியால் 1907இல் தொடங்கப்பட்ட ஹாம்ப்ஸ்டெட் பூங்காப் புறநகரில் நடுச் சதுக்கத்தில் தேவாலயங்கள் உண்டு, கடைத்தெரு கிடையாது. நம்மூரில் கோயிலைச் சுற்றித்தான் கடைவீதி வளரும். அங்கே கடையை ஓரத்துக்குத் தள்ளுவதே திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தது.

1918இல் வெளிவந்த டியூடர் வால்டர்ஸ் அறிக்கை இதற்கெல்லாம் கணக்கு வகுத்துக் கொடுத்தது. நகரப் பகுதியில் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது. எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே 70 அடி இடைவெளி வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். 70 அடி என்றால் எதிர்வீட்டு மாமியிடம் வாசலில் நின்றபடியே "என்ன சமையல்?" என்று கேட்க முடியாத தூரம். அந்தத் தூரம் வெயிலும் காற்றும் வீட்டுக்குள் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் விடப்பட்டது. பேச்சு நின்றுபோனது அதன் பக்கவிளைவு.

வீட்டின் அமைப்பு சொல்லும் செய்தி

'செமி டிடாச்ட்' என்பது ஒரே பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு தோளோடு தோள் ஒட்டிய இரட்டை வீடு. முன்னால் சிறு தோட்டம், வளைந்து புடைத்த ஜன்னல் உள்ள முன்னறை, குறுகிய நடை, மாடிப்படி, மேலே இரண்டு பெரிய படுக்கையறைகள், ஒரு சின்ன அறை. பின்னால் நீளமான தோட்டம்.

நம் வீடுகளுக்கு முகம் தெருவைப் பார்த்து இருக்கும். திண்ணை போனபின் பால்கனி வந்தது. அதுவும் தெருவைப் பார்த்துத்தான். ஆங்கிலேயப் புறநகர் வீட்டின் உயிரோட்டம் பின்புறத்தில் இருக்கிறது. முன்தோட்டம் ஊருக்குக் காட்ட, பின்தோட்டம் தாங்கள் வாழ. கோடையில் தெருவில் ஒரு குஞ்சுகூடத் தென்படாது. ஆனால் பின்பக்கம் வேலிக்கு வேலி குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், கரியடுப்பில் இறைச்சி வாட்டும் வாசனை வரும். ஆகவே "ஊரே காலி" என்பது வாசலில் நின்று பார்ப்பவரின் கணக்கு மட்டுமே.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சுவையான செய்தி. புறநகரின் ஒற்றைத்தள வீட்டுக்கு வழங்கும் 'பங்களா' என்ற பெயர், வங்காளத்துக் கூரை வீட்டின் பெயரிலிருந்து போனது. 1870ஐ ஒட்டி கென்ட் கடற்கரையில் பர்ச்சிங்டன் என்ற ஊரில் எழுந்தவையே இங்கிலாந்தின் தொடக்ககால பங்களாக்கள். நம் ஊரில் பங்களா என்றால் பணக்காரர் மாளிகை. அங்கே அது மாடி ஏற முடியாத முதியவர்கள் விரும்பி வாங்கும் வீடு.

அமைதிக்கு உள்ள சட்டங்கள்

"சத்தம் போட்டா போலீஸ் வந்துடுமாமே?" என்று சிலர் பயத்துடன் கேட்பதுண்டு. விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை. ஆனால் சட்டங்கள் நிறையவே இருக்கின்றன. சிலவற்றை அறிந்திருப்பது நல்லது.

குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை, ஆபத்தைத் தவிர்க்க நேர்ந்தாலன்றி, காரின் ஹார்னை அடிக்கக் கூடாது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் அடிக்கக் கூடாது. வாசலில் வண்டியை நிறுத்தி "பாம் பாம்" என்று அழைப்பது அங்கே நாகரிகக் குறைவு மட்டுமல்ல, விதிமீறலும்கூட. இரவு 11 முதல் காலை 7 மணி வரை எழும் மிகையான ஓசைக்கென்றே 1996இல் ஒரு சட்டம் வந்தது.

பட்டாசு பற்றிய 2004ஆம் ஆண்டு விதிகள் நமக்கு நேரடியாகத் தொடர்புடையவை. இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கத் தடை. விதிவிலக்கு சில நாட்களுக்கு மட்டுமே. நவம்பர் 5ஆம் தேதி நள்ளிரவு வரை அனுமதி உண்டு. ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய மூன்றுக்கும் இரவு 1 மணி வரை. தீபாவளி என்ற பெயர் அந்நாட்டு விதிகளில் இடம்பெற்றிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் காலை 7 மணி வரை தடை என்பதால், நம் வழக்கப்படி கங்கா ஸ்நானம் முடித்து விடியற்காலை நாலரைக்குச் சரம் கொளுத்த வழியில்லை!

வேலிக்கும் அளவு உண்டு. அண்டை வீட்டுக்கு நடுவே 2 மீட்டர் உயரம் வரை வேலி எழுப்ப அனுமதி தேவையில்லை. தெருவை ஒட்டி என்றால் 1 மீட்டர்தான். லேலண்டி என்ற மரத்தை வேலியாக வைத்து அது மளமளவென்று வளர்ந்து பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைத்ததால் நாடெங்கும் எழுந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயரமான பசுமை வேலிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்க்க வேண்டியதாயிற்று. வாய்விட்டுச் சண்டை போடாதவர்கள் வேலியை வைத்துச் சண்டை போட்டார்கள் என்றும் சொல்லலாம்.

வீட்டுப் பத்திரத்திலேயே கட்டுப்பாடுகள் எழுதியிருப்பதும் உண்டு: இங்கே கடை வைக்கக் கூடாது, தொழில் நடத்தக் கூடாது என்பன போல. லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தைப் பற்றி எழுந்த ஒரு வழக்கில், இத்தகைய கட்டுப்பாடு விவரம் அறிந்து வாங்குகிற அடுத்த சொந்தக்காரரையும் கட்டுப்படுத்தும் என்று 1848இல் தீர்ப்பானது. முதல் மாடியில் டியூஷன், கீழே இட்லிமாவுக் கடை என்ற நம் தெருக் காட்சி அங்கே ஏன் இல்லை என்பதற்கு இது ஒரு விளக்கம்.

பழக்கம் என்னும் எழுதாத சட்டம்

சட்டத்தைவிட வலியது பழக்கம். முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். அது அவமதிப்பல்ல. "உங்கள் தனிமையில் நான் தலையிடவில்லை" என்பதே அதன் பொருள். நம்மிடையே விசாரிப்பது மரியாதை. அவர்களிடையே விசாரிக்காமல் இருப்பது மரியாதை. "பையனுக்கு எவ்வளவு சம்பளம்? இன்னும் ஏன் குழந்தை இல்லே?" என்பவை நம் காதுக்கு அன்பு, அவர்கள் காதுக்கு அத்துமீறல்.

பிறகு எப்படித்தான் பேச்சைத் தொடங்குவது? அதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது: வானிலை. ஆங்கிலேயரின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்து 2004இல் நூல் எழுதிய மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ், வானிலைப் பேச்சு உண்மையில் வானிலையைப் பற்றியதே அல்ல, அது ஒரு வணக்கம் என்று விளக்குகிறார். "இன்னிக்கு நல்ல குளிர், இல்லையா?" என்றால், "ஆமாம்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். "எங்க டில்லி ஜனவரியைப் பார்த்தா இதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உதவி தேவைப்படும்போது இதே மனிதர்கள் தயங்குவதில்லை. ஊருக்குப் போனால் பூனைக்குச் சோறு வைப்பது, தபால் பொட்டலத்தை வாங்கி வைப்பது, குப்பைத் தொட்டியை உரிய நாளில் வெளியே தள்ளி வைப்பது எல்லாம் சொல்லாமலே நடக்கும். 1982இல் செஷயர் மாவட்டத்து மாலிங்டன் கிராமத்தில் தொடங்கிய 'அண்டைவீட்டுக் காவல்' முறை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஜன்னல் திரைக்குப் பின்னால் கவனிக்கும் கண்கள் உண்டு. அவை கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அமைதியும் திருவிழாவும்

இந்த அமைதிக்குள் வேற்று நாட்டவர் நுழைந்தபோது உரசல் இல்லாமல் இல்லை. 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டன் வந்தார்கள். "எங்கள் ஊருக்கு வராதீர்கள்" என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா நாளிதழிலேயே விளம்பரம் செய்தது. ஆனாலும் வந்தார்கள், வேரூன்றினார்கள். வெம்ப்ளியும் ஹாரோவும் அவர்களால் மாறின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாரோவில் நான்கில் ஒருவர் இந்து.

லண்டனை ஒட்டிய ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் லெட்ச்மோர் ஹீத் என்ற சின்னஞ்சிறு கிராமம் இருக்கிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் அங்கே ஒரு மாளிகையை வாங்கி கிருஷ்ண பக்தி இயக்கத்துக்குக் கொடுத்தார். ஜன்மாஷ்டமிக்கு ஆயிரமாயிரமாகப் பக்தர்களின் கார்கள் வந்து குவிய, கிராமத்தார் திணறினார்கள். உள்ளூர் மன்றம் பொது வழிபாட்டுக்கே தடை கோரியது. 1994இல் ஆயிரக்கணக்கான இந்துக்கள் லண்டனில் ஊர்வலம் போனார்கள். 1996இல் தீர்வு கிடைத்தது. கிராமத்துக்குள் நுழையாமல் கோயிலுக்குப் போகத் தனிச் சாலை போட்டுக்கொள்ளலாம், வழிபாடும் தொடரலாம் என்று அரசு அனுமதித்தது. கிராமத்தின் அமைதியும் கெடவில்லை, கண்ணன் பிறந்தநாளும் நிற்கவில்லை. பக்தி, பண்பாடு என்ற பெரிய சொற்களால் தீராத வழக்கு ஒரு சாலையால் தீர்ந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே 'புறநகர்களின் ராணி' என்று பெயர் பெற்ற ஈலிங்கில், பழைய கிறித்தவ ஆலயக் கட்டடம் ஒன்றில் ஈழத்தமிழர் முயற்சியால் அமைந்த கனகதுர்க்கை அம்மன் கோயில் உள்ளது. ஆண்டுதோறும் கோடைத் திருவிழாவில் அதன் தேர் அந்தத் தெருக்களில் வலம் வருகிறது. அதே செமி வீடுகளுக்கு நடுவே நாதஸ்வரமும் தவிலும் முழங்க, காவடிகள் ஆடிவருகின்றன. வருடத்தில் ஒரு நாள் என்று முன்கூட்டிச் சொல்லி, அனுமதி பெற்று, குப்பையைக் கூட்டி அள்ளினால், அந்த அமைதி நமக்காகச் சற்று விலகி நிற்கிறது.

பகலில் வீட்டில் இருப்பவர்

இப்போது தலையாய கேள்விக்கு வருவோம். புறநகர் யாருக்காகக் கட்டப்பட்டது? காலை எட்டு மணி ரயிலைப் பிடித்து, மாலை ஆறு மணி ரயிலில் திரும்புகிறவருக்காக. நாள் முழுக்க இரைச்சலில் உழைத்தவருக்கு அந்த அமைதி அமிர்தம். ஆனால் நாள் முழுக்க அந்த வீட்டிலேயே இருப்பவருக்கு?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1938இலேயே ஸ்டீபன் டெய்லர் என்ற லண்டன் மருத்துவர், 'லான்செட்' மருத்துவ இதழில் 'புறநகர் நரம்புத் தளர்ச்சி' என்ற கட்டுரை எழுதினார். புதிய புறநகர்களிலிருந்து அவரிடம் வந்த இளம் மனைவிமார்களுக்கு உடலில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் தலைவலி, களைப்பு, படபடப்பு. பேச ஆளில்லாத தனிமையும் சலிப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்று அவர் கருதினார். அந்த இளம் மனைவியின் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர் யார் என்று யோசித்தால் நம் மாமாவும் மாமியும்தான்! மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. மூன்று படுக்கையறை வீட்டில் காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை கடிகாரச் சத்தம்.

இது நம்மவர்களுக்கு மட்டும் நேரும் குறை அல்ல. ஆங்கிலேய முதியவர்களின் தனிமையே அங்கே பெரும் பொதுப் பிரச்சினை. 2018 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தனிமைப் பிரச்சினைக்கென்றே ஓர் அமைச்சருக்குப் பொறுப்பு கொடுத்தது.

பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜூன் மாதம் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகும். டிசம்பரிலோ மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். விடியவும் எட்டு மணி. "அக்டோபர்ல போனா தீபாவளி, பொங்கல் ரெண்டும் பேரனோட கொண்டாடலாம்" என்று டிக்கெட் எடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சட்ட நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 6 மாதம்தான் தங்கலாம். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விதிகள் 2012 ஜூலையில் மிகக் கடுமையாக்கப்பட்டன. அன்றாட வேலைகளுக்கே நெடுங்காலம் பிறர் துணை தேவை, பணம் கொடுத்தாலும் அது சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபித்தாக வேண்டும். ஆகவே பெரும்பாலோருக்கு "கடைசி காலத்துல பையன்கிட்ட போயிடலாம்" என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு. மருத்துவமும் அப்படியே. விபத்து, அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் வருகையாளரிடம் செலவுக் கணக்கில் ஒன்றரை மடங்கு வரை வசூலிக்கலாம். முன்பே உள்ள நோய்களுக்கும் ஈடுதரும் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறக் கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில், போகும் காலம். இயன்றவரை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். அடுத்து, பிள்ளைகள் கவனத்துக்கு: பெற்றோர் கையில் ஒரு வீட்டுச் சாவி, உள்ளூர் எண்ணுள்ள கைபேசி, பேருந்தில் ஏற உதவும் அட்டை ஆகிய மூன்றையும் வந்த மறுநாளே கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு 999, அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111 என்பதைச் சமையலறையில் எழுதி ஒட்டுங்கள். முதல் வாரத்தில் கூடவே நடந்து, பூங்கா, நூலகம், கடை, பஸ் நிறுத்தம் நான்கையும் காட்டுங்கள். மாடியறையைவிட, நடந்து போகக்கூடிய தூரத்தில் நாலு இடம் இருப்பதே அவர்களுக்குப் பெரிய வசதி.

பெரியவர்கள் கவனத்துக்கு: நீங்களே முதலில் "குட் மார்னிங்" சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடங்கள். பத்தாவது நாள் நாயோடு வரும் ஒருவர் உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார். தேவாலயங்களில் நடக்கும் காலைக் காபிக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் எந்த மதத்தவரும் போகலாம். தோட்டக்கலையில் நாட்டமுள்ளவர்களுக்கு நகராட்சியின் சிறு தோட்டப் பாத்திகள் நல்ல புகலிடம். 1908ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு வழிசெய்தது. முழுப் பாத்தி ஏறத்தாழ 250 சதுர மீட்டர். பிள்ளையின் பெயரில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால், கோடை முழுவதும் வெந்தயக் கீரையும் அவரையும் போடலாம். பக்கத்துப் பாத்திக்காரரிடம் ஒரு கட்டுக் கீரையை நீட்டினால், 70 அடி இடைவெளி அன்றோடு குறையத் தொடங்கும்.

கிராமத்தை விட்டு டில்லிக்கு வந்த நம் தலைமுறை, மொழி தெரியாத காலனிகளில் சங்கமும் மலை மந்திரும் கண்டு தன் தனிமையைப் போக்கிக்கொண்டது. அதற்கு நமக்கு இருபது, முப்பது வருஷம் அவகாசம் இருந்தது. ஆறு மாத விசாவில் போகும் எழுபது வயதுப் பெற்றோருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே அவர்களுக்கான பகல் பொழுதை, விமான டிக்கெட்டைப் போலவே, பிள்ளைகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். அந்தத் தெருவைக் கட்டியவர்கள் அதைத் தங்கள் திட்டத்தில் சேர்க்கவில்லை. நாம்தான் சேர்க்க வேண்டும்.